டிராக்டர் கிளட்ச்: பழைய வண்டியும் புதிய வண்டியும் மலைச்சரிவில் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு போடுகிற தோட்டங்களில் சமதரை என்பது அபூர்வம். கேத்தி, பாலாடா, நஞ்சநாடு, எமரால்டு என்று எந்தப் பக்கம் போனாலும் அடுக்கடுக்கான நிலம், அதற்கு நடுவே ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய மண்பாதை. அந்தப் பாதையில் சமவெளியிலிருந்து வாங்கி வந்த பழைய டிராக்டரும் ஓடுகிறது, போன வருடம் எடுத்த புது டிராக்டரும் ஓடுகிறது. இரண்டையும் ஒரே ஆள் மாறி மாறி ஓட்டுவதும் உண்டு. இடது காலுக்கு அடியில் இருக்கும் பெடல் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் இருக்கும். மிதித்தால் எது நிற்கும், எது நிற்காது என்பது வண்டிக்கு வண்டி மாறும். சமவெளியில் இதைத் தெரியாமல் ஓட்டினால் ஒரு கிளட்ச் பிளேட் போகும். இங்கே ஆளே போய்விடலாம். எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை அதனால்தான் இப்படி எழுதி வைக்கிறேன்.

கிளட்ச் என்னதான் செய்கிறது?

எஞ்சின் நிற்காமல் சுற்ற வேண்டும். சக்கரம் வேண்டும்போது நிற்க வேண்டும். அதற்காக நடுவில் வைத்த பிடிப்புதான் கிளட்ச். எஞ்சினின் பின்பக்கம் ஃபிளைவீல் சுற்றுகிறது. கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டின் மேல் கிளட்ச் பிளேட் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங்கின் பலத்தால் பிரஷர் பிளேட் அதை ஃபிளைவீலோடு சேர்த்து நெருக்கிப் பிடிக்கும்போது எல்லாம் ஒன்றாகச் சுற்றும். பெடலை மிதித்தால் ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும், அது ஃபிங்கர்களை அழுத்தும், பிரஷர் பிளேட் பின்வாங்கும். பிளேட் விடுபட்டுவிடும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இந்த வகையில் பிடிப்பது ஸ்பிரிங், விடுவிப்பது உங்கள் கால். புதிய வண்டிகள் சிலவற்றில் இது தலைகீழ். கீழே வருகிறேன்.

பழைய டிராக்டர்களில் கிளட்ச் எப்படி இருந்தது?

பழையது என்றால் ஒரே மாதிரி என்று நினைக்க வேண்டாம். 1917-ல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டரில் பல தட்டுகள் ஆயிலில் மூழ்கியபடி சுற்றும் கிளட்ச் இருந்தது. இன்று ‘வெட் கிளட்ச்’ என்று புதுமையாகச் சொல்லி விற்பதன் மூலக் கருத்து நூறு வருடங்களுக்கு முந்தையது. ஜான் டியரின் பழைய இரண்டு சிலிண்டர் வண்டிகள் பெரும்பாலானவற்றில் கிளட்ச்சுக்குக் கால் பெடலே கிடையாது. கையால் தள்ளும் ஒரு லீவர்தான். தள்ளிய இடத்தில் அது அப்படியே நிற்கும், அழுத்திப் பிடித்திருக்க வேண்டியதில்லை.

நம் ஊரில் பரவியது இந்த இரண்டும் அல்ல. 1959-ல் ஃபரீதாபாத்தில் ஐஷர் டிராக்டர் தயாரானது. 1960-ல் சென்னையில் டாஃபே தொடங்கி மாஸி ஃபெர்குசன் வண்டிகளைச் செய்தது. 1963-க்குப் பிறகு இண்டர்நேஷனல் பி 275 வந்தது. இவற்றின் காலத்திலிருந்து நம் மெக்கானிக்குகள் கை பழகியது ஆயில் படாத உலர் கிளட்ச்சில்தான். ஒரு பிளேட், ஒரு பிரஷர் பிளேட், சில ஸ்பிரிங்குகள், கம்பி இணைப்பில் ஒரு பெடல். எளிமையானது, எந்த ஊரிலும் பழுது பார்க்கலாம். இன்றும் மலையில் ஓடும் சிறு டிராக்டர்களில் பெரும்பாலானவற்றில் இந்த உலர் ஒற்றைப் பிளேட்தான் இருக்கிறது. புது வண்டி என்பதாலேயே கிளட்ச்சும் புது மாதிரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சிங்கிள் கிளட்ச், டூயல் கிளட்ச் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

டிராக்டரில் எஞ்சினின் பலம் மூன்று இடத்துக்குப் போகிறது. சக்கரம் ஒன்று. பின்னால் இருக்கும் பி.டி.ஓ. (பவர் டேக் ஆஃப்) தண்டு ஒன்று, மண்ணைக் கிளறும் ரொட்டாவேட்டர், புல்வெட்டும் ஸ்லாஷர் எல்லாம் அதிலிருந்துதான் சுற்றும். கருவியைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் பம்ப் மூன்றாவது. பழைய சிங்கிள் கிளட்ச் வண்டியில் சக்கரமும் பி.டி.ஓ.வும் அந்த ஒரே பிளேட்டுக்குப் பின்னால்தான் இருக்கும். மிதித்தால் இரண்டுக்கும் எஞ்சின் பலம் சேர்ந்தே நின்றுவிடும். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் செய்த சிறிய ஃபெர்குசன் டி.இ. 20 போன்றவற்றில் பம்ப்பும் அதே வழியில்தான். கிளட்ச்சை மிதித்தால் கலப்பையைத் தூக்கவும் முடியாது.

இதனால் வேலை எவ்வளவு கெடும் என்று பாருங்கள். ரொட்டாவேட்டர் ஓட்டும்போது மண் கெட்டியாகிறது, வண்டியை ஒரு நொடி நிறுத்திக் கத்திகளை மட்டும் சுற்றவிட வேண்டும். முடியாது. வண்டி நின்றால் கத்தியும் நிற்கும்.

அதை மாற்றத்தான் 1940களின் பிற்பகுதியில் கனடாவின் காக்ஷட் 30 போன்ற வண்டிகளில் வண்டி நின்றாலும் சுற்றும் பி.டி.ஓ. வந்தது. 1950களின் நடுவில் ஃபெர்குசன் 35 வழியாக இரண்டு கட்டக் கிளட்ச் பரவியது. ஒரே பெடல்தான், உள்ளே இரண்டு பிளேட். பாதி மிதித்தால் சக்கரத்துக்குப் போகும் பலம் மட்டும் அறும், பி.டி.ஓ. சுற்றிக்கொண்டிருக்கும். முழுக்க மிதித்தால் பி.டி.ஓ.வும் நிற்கும். டூயல் கிளட்ச் என்பது இதுதான். பாதியில் காலுக்கு ஒரு சிறு தடுப்பு தட்டுப்படும். அந்த இடம் உங்கள் காலுக்குத் தெரிய வேண்டும். இருட்டில் மிதித்தாலும் தெரிய வேண்டும்.

கிளட்ச்சை மிதித்தும் வண்டி நிற்காமல் முன்னால் தள்ளுகிறது. ஏன்?

சிங்கிள் கிளட்ச் வண்டியில் ஸ்லாஷர் மாட்டியிருந்தீர்களா? அப்படியானால் காரணம் அதுதான். மிதித்ததும் எஞ்சின் பிரிந்துவிட்டது. ஆனால் பி.டி.ஓ.வும் சக்கரமும் கியர்பாக்ஸுக்குள் இன்னும் பல்லோடு பல் சேர்ந்தே இருக்கின்றன. வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்த ஸ்லாஷரின் கனத்த கத்தி சட்டென்று நிற்காது. அது பி.டி.ஓ. தண்டைத் திருப்பிச் சுற்றும், தண்டு கியரைச் சுற்றும், கியர் சக்கரத்தைச் சுற்றும். எஞ்சினே இல்லாமல் கருவி வண்டியைத் தள்ளுகிறது. அடுக்கு நிலத்தின் விளிம்பில் நிற்கும்போது ஓரடி முன்னால் போனாலே போதும், கீழ் அடுக்கில் கிடப்பீர்கள்.

ரொட்டாவேட்டரில் கத்தி மண்ணுக்குள் இருக்கும்வரை மண்ணே பிடித்து நிறுத்திவிடும். தூக்கிய நிலையில் சுற்றவிட்டுத் திரும்புகிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து. வரப்பு முனையில் திரும்புமுன் பி.டி.ஓ.வை நிறுத்துங்கள்.

இதற்கு ஒரு மலிவான பாதுகாப்பும் இருக்கிறது. ஓவர் ரன்னிங் கிளட்ச் என்று பி.டி.ஓ. தண்டில் மாட்டும் ஒரு சிறு உருளை. வண்டி கருவியைச் சுற்றலாம். கருவி வண்டியைச் சுற்ற முடியாது. பழைய சிங்கிள் கிளட்ச் வண்டியில் ஸ்லாஷர் ஓட்டுகிற ஒவ்வொருவரும் இதை மாட்டியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மாட்டினால் தண்டு சற்று நீளும் என்பதால் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் நீளத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இண்டிபெண்டன்ட் பி.டி.ஓ. என்றால்?

பி.டி.ஓ.வுக்குத் தனிக் கிளட்ச், தனி லீவர் அல்லது சுவிட்ச். கால் பெடலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. வசதிதான். ஆனால் பழைய வண்டி ஓட்டிப் பழகியவர் ஆபத்து நேரத்தில் பெடலை முழுக்க மிதித்துவிட்டு ரொட்டாவேட்டர் நின்றுவிட்டது என்று நம்புவார். நிற்காது. வண்டி கை மாறும்போது இதை முதலில் சொல்லிக் கொடுங்கள்.

வெட் கிளட்ச், பவர் ஷட்டில் எல்லாம் மலைக்கு நல்லதா?

முன்னும் பின்னும் அடிக்கடி நகர்த்த வேண்டிய வேலைக்கு மிக நல்லது. ஆயிலில் மூழ்கிய பல தட்டுகள். ஆயில் சூட்டை உடனுக்குடன் எடுத்துக்கொண்டு போகிறது. உலர் பிளேட் கருகும் வேலையை இது வருடக்கணக்கில் தாங்கும். பவர் ஷட்டிலில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு லீவர் இருக்கும். கால் பெடலைத் தொடாமலே முன்னால், பின்னால் மாற்றலாம்.

சிங்க்ரோ ஷட்டில் என்று இன்னொன்று உண்டு. லீவர் அதே இடத்தில், அதே தோற்றத்தில் இருக்கும். அதில் கிளட்ச்சை மிதித்து, வண்டியை நிறுத்தித்தான் திசை மாற்ற வேண்டும். லீவரைப் பார்த்து முடிவு செய்யாமல் கையேட்டைப் பாருங்கள்.

இப்போது மேலே பாதியில் விட்ட விஷயத்துக்கு வருகிறேன். பவர் ஷட்டிலில் தட்டுகளை நெருக்கிப் பிடிப்பது ஸ்பிரிங் அல்ல, ஆயில் அழுத்தம். அந்த அழுத்தத்தைக் கொடுப்பது எஞ்சின் ஓட்டும் பம்ப். எஞ்சின் நின்றால் அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லையென்றால் பிடிப்பும் இல்லை. பழைய உலர் கிளட்ச் வண்டியைச் சரிவில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, முதல் கியரில் விட்டால் எஞ்சினின் கம்ப்ரெஷன் ஓரளவு பிடித்து வைக்கும். மலையில் இதுவே பலருக்குப் பழக்கம். பவர் ஷட்டில் வண்டியை அதேபோல் கியரில் விட்டு இறங்கினால் வண்டி நியூட்ரலில் நிற்பதாகத்தான் அர்த்தம். ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்து, பார்க் லாக் இருந்தால் அதையும் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகுதான் இறங்க வேண்டும். எந்த வண்டியாக இருந்தாலும் கட்டை வைப்பது நல்லது. இந்த வண்டியில் அது கட்டாயம்.

அதே காரணத்தால், பேட்டரி இறங்கினால் சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்யும் பழைய வழியும் இதில் நடக்காது. உருளும், ஸ்டார்ட் ஆகாது, எஞ்சின் பிடிப்பும் இருக்காது.

ஆயில் விஷயத்திலும் கஞ்சத்தனம் கூடாது. கியர்பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் வெட் கிளட்ச்சுக்கும் ஒரே ஆயில்தான் போகிறது. கம்பெனி சொன்ன தரம் இல்லாத ஆயிலை ஊற்றினால் கிளட்ச் உதறும், சறுக்கும்.

இறக்கத்தில் கிளட்ச்சை மிதித்துக்கொண்டு இறங்கலாமா? டீசல் மிச்சமாகுமே?

கூடாது. நியூட்ரலில் விடுவதும் கூடாது. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் காரில் இறங்குகிறவர்களுக்குச் சொல்வதைத்தான் தோட்டப் பாதையில் டிராக்டர் ஓட்டுகிறவருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது: எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரில் இறங்குங்கள், இறக்கம் தொடங்குமுன்பே கியரைப் போட்டுவிடுங்கள். கியரோடு சேர்ந்திருக்கும்போது எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. மிதித்த நொடியில் அந்தப் பிடிப்பு போய், முழுச் சுமையும் பிரேக் மேல் விழும். பின்னால் கேரட் மூட்டை ஏற்றிய டிரெய்லர், அதற்குத் தனி பிரேக் இல்லை என்றால், டிரெய்லர் டிராக்டரைத் தள்ளிப் பக்கவாட்டில் மடக்கிவிடும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு சேதமும் உண்டு. எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றும்போது மணிக்கு 3 கிலோமீட்டர் போகும் கியரில் இருக்கிறீர்கள் என்று வையுங்கள். கிளட்ச்சை மிதித்தபடி வண்டி மணிக்கு 15 கிலோமீட்டரில் உருண்டால், சக்கரம் கியர்பாக்ஸ் வழியாகக் கிளட்ச் பிளேட்டை நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்ற வைக்கிறது. எஞ்சின் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே பிளேட் மட்டும் வெறி பிடித்தாற்போல் சுற்றும். அந்த வேகத்துக்குச் செய்த பொருள் அல்ல அது. பிளேட்டின் மேல் பிடிப்புக்காக ஒட்டியிருக்கும் லைனிங் பெயர்ந்து சிதறும். பிறகு பெடலை விட்டாலும் பிடிப்பதற்கு உள்ளே ஒன்றும் மிச்சமிருக்காது.

ஏற்றத்தில் கிளம்பும்போது கருகிய வாசம் வருகிறதே?

பாதிக் கிளட்ச்சில் வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். உள்ளங்கைகளை அழுத்தித் தேய்த்தால் சூடேறுவது போலத்தான், பிளேட் ஃபிளைவீலில் உராய்கிறது. சரிவில் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டியது பிரேக். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, தாழ்ந்த கியரில், கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடம் வரை காலை எடுத்து, எஞ்சின் சத்தம் கொஞ்சம் அமுங்கியதும் பிரேக்கை விடுங்கள். வண்டி பின்னால் உருளாது.

உயரமும் ஒரு காரணம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் மேலே இருக்கிறது. காற்று மெலிந்ததால், டர்போ இல்லாத எஞ்சின் இங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கிறது. கீழே இரண்டாவது கியரில் இழுத்த சுமை இங்கே இழுக்காது. அதைக் கிளட்ச்சை நழுவவிட்டுச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். கியரைக் குறையுங்கள், அல்லது மூட்டையைக் குறையுங்கள்.

சட்டென்று கிளட்ச்சை விடுவது இதைவிட மோசம். பின்னால் கனமான சுமை, முன்னால் ஏற்றம், காலை ஒரேயடியாக எடுத்தால் பின்சக்கரம் சுற்றாமல் டிராக்டரே பின்சக்கர அச்சைச் சுற்றித் தூக்கிக்கொள்ளும். முன்சக்கரம் எழும்பியதைக் கண்டு மறுபடி மிதிக்கலாம் என்று நினைப்பதற்குள் வண்டி தலைகீழாகிவிடும். சுமையை எப்போதும் பின்னால் இழுவைக்கென்று இருக்கும் தாழ்வான டிராபாரில் மட்டும் மாட்டுங்கள். சுமையில்லாமல் மிகச் செங்குத்தான இடத்தில் ஏற வேண்டியிருந்தால் ரிவர்ஸில் ஏறுங்கள்.

பவர் டில்லரில் இடது பக்கக் கிளட்ச்சைப் பிடித்தால் வலது பக்கம் திரும்புகிறது. பழுதா?

பழுதில்லை, நீங்கள் இறக்கத்தில் இருக்கிறீர்கள். டில்லரின் கைப்பிடிக்குக் கீழே இருக்கும் இரண்டு லீவரும் ஒவ்வொரு சக்கரத்துக்கான பல் கிளட்ச். சமதரையில் இடதைப் பிடித்தால் இடது சக்கரத்துக்குப் பலம் நிற்கும், வலது சக்கரம் ஓடும், டில்லர் இடது பக்கம் திரும்பும். இறக்கத்தில் வலது சக்கரத்தை எஞ்சின் இழுத்துப் பிடித்திருக்கும்; விடுபட்ட இடது சக்கரம் தடையில்லாமல் வேகமாக உருளும். அதனால் வலது பக்கம் திரும்பும். புதிதாக டில்லர் பிடிக்கிறவர்கள் விளிம்பிலிருந்து விலக நினைத்து நேராக விளிம்பை நோக்கிப் போவது இதனால்தான். இறக்கத்தில் அந்த லீவர்களைத் தொடாமல், வேகத்தைக் குறைத்து, கைப்பிடியைத் தள்ளியே திருப்புங்கள்.

மழைக்காலம் முடிந்து எடுத்தால் கிளட்ச் விடவே மாட்டேன் என்கிறது.

உலர் கிளட்ச்சில் இது இங்கே சகஜம். வாரக்கணக்கில் மழையும் பனிமூட்டமும். ஈரம் உள்ளே புகுந்து பிளேட் துருவில் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்கிறது. நிறுத்தி வைக்குமுன்பே பெடலை முழுக்க மிதித்து ஒரு மரக்கட்டையால் முட்டுக்கொடுத்து வைத்தால் ஒட்டாது. சில வண்டிகளில் அதற்கென்றே ஒரு கொக்கி இருக்கும்.

ஒட்டிவிட்டால் நியூட்ரலில் எஞ்சினை நன்றாகச் சூடேற்றிப் பாருங்கள், சில சமயம் தானே விடும். விடாவிட்டால் கியரில் வைத்து ஸ்டார்ட் செய்து, பெடலை மிதித்தபடி பிரேக் போட்டுப் பிரிப்பது வழக்கம். ஸ்டார்ட் ஆன நொடியே வண்டி பாயும் என்பதால் அதை அகன்ற சமதரையில் மட்டும்தான் செய்யலாம். உங்கள் கொட்டகை சரிவில் இருந்தால் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

கிளட்ச் சறுக்குகிறது. பிளேட் தேய்ந்துவிட்டதா?

முதலில் பெடலின் ஃப்ரீ பிளேயைப் பாருங்கள். கம்பி இணைப்புள்ள வண்டிகளில் பெடல் லேசாக நகர்ந்த பிறகுதான் கனம் தெரிய வேண்டும்; பல வண்டிகளில் அது 20 முதல் 30 மில்லிமீட்டர், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். பிளேட் தேயத் தேய இந்த இடைவெளி குறையும். அது முற்றிலும் போய்விட்டால் நீங்கள் மிதிக்காமலே பாதி மிதித்த நிலை. கம்பியைச் சரிசெய்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும். பெடல் மேல் காலை ஓய்வாக வைத்து ஓட்டுவதும் அதே சேதத்தைத்தான் செய்கிறது.

அப்புறம், கிளட்ச் ஹவுஸிங்கின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். சில வண்டிகளில் அதில் ஒரு பின் தொங்கும். அங்கே ஆயில் சொட்டினால் எஞ்சினின் பின் சீலோ கியர்பாக்ஸின் முன் சீலோ போயிருக்கிறது. ஆயில் குடித்த பிளேட்டைக் கழுவிப் போட்டால் நிற்காது.

பிளேட் மட்டும் மாற்றினால் போதுமா?

வண்டியை இரண்டாகப் பிரித்துத்தான் கிளட்ச்சைத் தொட முடியும். செலவில் பெரும்பங்கு அந்தக் கூலி. பிரித்த பிறகு ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், பின் சீல் ஆகியவற்றையும் மாற்றிவிடுங்கள், ஃபிளைவீல் முகத்தையும் பாருங்கள். பழைய பிளேட்டின் தூளைக் காற்றடித்து ஊத வேண்டாம். அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடையுங்கள்.

செராமிக் பிளேட் போடலாமா?

சூடு தாங்கும், கனமான இழுவைக்கு நல்லது. ஆனால் சட்டென்று பிடிக்கும். சரிவில் மெதுவாக நகர்த்தும் வேலைதான் உங்களுக்கு அதிகம் என்றால் சாதா லைனிங்கே காலுக்கு இணக்கம்.

கிளட்ச்சே இல்லாத டிராக்டர் உண்டாமே?

சிறு டிராக்டர்களில் ஹைட்ரோஸ்டாட்டிக் வகை உண்டு; ஆயிலின் ஓட்டமே சக்கரத்தைச் சுற்றும், வேகத்தை ஒரு பெடல் மாற்றும். பெரிய வண்டிகளில் ஜெர்மனியின் ஃபென்ட் 1995-ல் வேரியோ என்ற கியர் படிகளில்லாத அமைப்பைக் கொண்டுவந்தது. நம் மலைத்தோட்டங்களில் இவை பரவவில்லை.

பழைய வண்டி வாங்கப் போகிறேன். கிளட்ச்சை எப்படிச் சோதிப்பது?

சமதரையில் நிறுத்தி, முன்னால் ஆள் யாரும் இல்லாமல் பார்த்து, ஹேண்ட் பிரேக்கை இறுக்குங்கள். டாப் கியரைப் போட்டு, எஞ்சினை நடுத்தர வேகத்தில் வைத்து, கிளட்ச்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் திணறி நின்றால் பிடிப்பு நன்றாக இருக்கிறது. நிற்காமல் ஓடினால் பிளேட் சறுக்குகிறது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்து நல்ல பிளேட்டைக் கருக்க வேண்டாம். பிறகு நியூட்ரலில் பெடலை மிதித்தும் விட்டும் கேளுங்கள். மிதிக்கும்போது மட்டும் கரகரவென்று சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங் போயிருக்கிறது.

டூயல் கிளட்ச் என்று விற்பவர் சொன்னால், எஞ்சின் ஓடாதபோதே பி.டி.ஓ. மூடியைச் சரிபார்த்து, யாரையும் பின்னால் நிற்கவிடாமல் பி.டி.ஓ.வைச் சுற்றவிட்டுப் பெடலைப் பாதி மிதியுங்கள். தண்டு சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முழுக்க மிதித்தால் சில நொடிகளில் நிற்க வேண்டும். பாதியிலேயே நின்றாலோ, முழுக்க மிதித்தும் நிற்காமல் சுற்றினாலோ, வண்டியைப் பிரித்துப் பார்க்கும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.